“வேணாம்” என்று சொல்ல ஓர் ஆள்: சிறுவர் வார்ட்டில் விளையாட்டு எதற்கு?

“நீங்களும் ஊசி போடவா வந்த?”

திருகோணமலையில் ஒரு சிறுவர் வார்ட்டு. கேட்டவனுக்கு ஆறு வயது. கிண்ணியாப் பிள்ளை. டெங்குக் காய்ச்சல். இடது கையில் கனுலா, அதாவது சேலைன் ஏற்றும் குழாய், ஏற்றி, அது ஆடாமல் இருக்க மணிக்கட்டுக்குக் கீழே மட்டை வைத்துப் பிளாஸ்டர் சுற்றியிருந்தார்கள். நான் தொண்டராகப் போன முதல் நாள் அது. ஒரு பை நிறைய விளையாட்டுச் சாமான் கொண்டுபோயிருந்தேன்.

“இல்ல மகன், விளையாட வந்த.”

“வேணாம்.”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் விடவில்லை. லொறி இருக்கு, கட்டை அடுக்கலாம், படம் கீறலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அவன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான். அவனுடைய உம்மா சங்கடப்பட்டு, “டீச்சர் கூப்பிடுறாங்கல்லவா, பாருங்க மகன்” என்று போர்வையை விலக்கப் பார்த்தார். எங்கள் குழுவில் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எல்லாவற்றையும் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“அவன் வேணாம் என்டு சொல்லிட்டான்தானே. சரி என்டு சொல்லிட்டு வந்திருக்கலாம். இண்டைக்கு அவனுக்கு நீ குடுக்கக்கூடிய சாமான் அது ஒண்டுதான்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பை நிறையச் சாமானோடு வந்தவளிடம் இப்படிச் சொன்னால்? அவர் சொன்னது விளங்கச் சில வாரம் பிடித்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளோடு விளையாடுவது என்றால் என்ன என்பதற்குப் பாதி விளக்கம் இதற்குள்ளேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு, வார்ட்டில் ஒரு பிள்ளையின் ஒரு நாளைப் பார்க்க வேண்டும். விடியப்புறம் காய்ச்சல் பார்க்க ஒருவர் வருவார். இரத்தம் எடுக்க இன்னொருவர். பிறகு டொக்டர்மார் கூட்டமாக வந்து, கட்டில் டிக்கட் என்ற நோய்க் குறிப்பைப் புரட்டி, பிள்ளைக்கு விளங்காத மொழியில் ஏதோ கதைத்து, வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். சேலைன் மாற்ற ஒருவர், குளுசை கொடுக்க ஒருவர். டெங்கு என்றால் குடித்தது எத்தனை மில்லிலீற்றர், சிறுநீர் எத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து எழுத வேண்டும். தண்ணீர் குடிப்பதும் மூத்திரம் பெய்வதும்கூட அவனுடைய சொந்த விஷயமாக இருக்காது. எல்லாம் அவனைக் காப்பாற்றத்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றில் ஒன்றுக்குக்கூட அவன் வேணாம் என்று சொல்ல முடியாது. சொன்னாலும் நடக்கும். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்.

அந்த நாளில் கட்டிலடிக்கு வருகிறவர்களில் திருப்பி அனுப்பக்கூடிய ஒரே ஆள், விளையாட வருகிற ஆள்தான். ‘போங்க’ என்றால் போய்விட வேண்டும். ‘வாங்க’ என்றால் வர வேண்டும். எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம், யார் வெல்வது எல்லாம் பிள்ளையின் முடிவு. பொழுது போக்குவதும் இதில் அடங்கும்தான். ஆனால் முக்கியமான வேலை, கையை விட்டுப் போன அதிகாரத்தில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுப்பது.

இதற்கென்றே படித்துத் தொழிலாகச் செய்கிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் முன்பு ஹொஸ்பிட்டல் பிளே ஸ்பெஷலிஸ்ட் என்றார்கள், இப்போது ஹெல்த் பிளே ஸ்பெஷலிஸ்ட் என்பார்கள், அமெரிக்காவில் சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட் என்பார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரியில் எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை 1955இல் தொடங்கிய திட்டம் அங்கே ஒரு முன்னோடி. எங்களைப் போன்ற தொண்டர்கள் அந்த அளவுக்குப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கண்டுபிடித்ததைப் படித்துவிட்டுப் போவது நல்லது.

அதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1950கள் வரை இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க அநேகமாக விடமாட்டார்கள். சில இடங்களில் ஞாயிறு மட்டும் இரண்டு மணித்தியாலம். தாயைக் கண்டால் பிள்ளை அழுகிறது, காணாவிட்டால் ‘பழகிவிடுகிறது’, ஆகவே காட்டாமல் இருப்பதே நல்லது என்பது அவர்களின் கணக்கு. ஜேம்ஸ் ரொபர்ட்சன் என்று ஒருவர். போர்க்காலத்தில் அனா பிராய்ட் நடத்திய பிள்ளைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்க்கும் வேலையில் தொடங்கி, பிறகு மனநல மருத்துவர் ஜோன் பௌல்பியோடு சேர்ந்து பிள்ளைகளை அவதானிக்கும் ஆய்வுக்கு வந்தவர். அவர் சொன்னது: பிள்ளை பழகவில்லை. முதலில் கத்தி அழுகிறது. பிறகு நம்பிக்கை விட்டுப்போய் ஓய்ந்துவிடுகிறது. கடைசியில் தாயே வந்தாலும் முகம் கொடுக்காமல் ஒதுங்கிவிடுகிறது. நீங்கள் ‘பழகிவிட்டது’ என்று சொல்வது அந்தக் கடைசி நிலையை.

டொக்டர்மார் நம்பவில்லை. ரொபர்ட்சன் ஒரு சின்னக் கமராவைத் தூக்கிக்கொண்டு போய், 8 நாள் ஆஸ்பத்திரியில் இருந்த 2 வயதுப் பெண்பிள்ளை ஒன்றைப் படம் பிடித்தார். வேண்டுமென்றே அழுகிற நேரமாகப் பார்த்து எடுத்தார் என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, தினமும் குறித்த நேரத்தில், சுவர் மணிக்கூடு தெரிய எடுத்தார். 1952இல் அதைக் காட்டியபோது மண்டபத்தில் கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். ஆனாலும் 1959இல் பிரித்தானிய அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சின்னப் பிள்ளையோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரை செய்தது.

நம் நாட்டில் தாய் தங்குவது சாதாரண விஷயம். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் குந்தியபடி, இல்லாவிட்டால் கீழே பாயை விரித்து, இரவிரவாக இருப்பார்கள். அதனால் ரொபர்ட்சன் கண்ட கொடுமை நம் வார்ட்டில் அந்த வடிவத்தில் இல்லை. ஆனால் அமைதியாக இருக்கிற பிள்ளையைப் பார்த்து ‘இது தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை’ என்று நினைக்கும் பிழை இன்றும் நடக்கிறது. தொண்டர்களும் சிரிக்கிற பிள்ளையிடம்தான் ஓடிப் போகிறோம். அழுகிற பிள்ளைக்கு ஆள் வரும். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவனிடம் யாரும் வருவதில்லை.

விளையாட்டு பிள்ளைகளின் உரிமை என்பதும் ஒன்று இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் 31ஆவது உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதி செய்தது. காய்ச்சல் வந்தால் அந்த உரிமை நின்றுபோகும் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

சரி, கட்டிலடிக்குப் போய் என்ன செய்வது? அது வயதைப் பொறுத்தது. கைக்குழந்தைக்கு முகமும் குரலும் போதும். பெரும்பாலும் தாய்க்குத்தான் உதவி வேண்டும். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை பிள்ளைகளுக்கு அந்நிய முகமே பயம், ஆகவே தாயோடு கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளை தானாக எட்டிப் பார்க்கும். கையை நீட்டினால், அந்த நேரம் பார்த்து ‘நண்டூருது, நரியூருது’. ஊசி குத்தாத, பிளாஸ்டர் ஒட்டாத கையில். யாரோ தொட்டால் வலி என்று நான்கு நாளாகப் பழகிப்போன பிள்ளையின் கையில் நண்டு ஊரத் தொடங்கி, கிச்சுக்கிச்சு வரும்போது அந்த முகத்தில் நடக்கும் மாற்றத்தைக் கண்டவர்கள் அடுத்த கிழமையும் வந்துவிடுவார்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது நாலு, ஐந்து, ஆறு வயதுக்காரரை. அந்த வயதில் பிள்ளைகள், நடப்பது எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்று எண்ணும். நாங்களும் வீட்டில் என்ன சொல்லி வளர்க்கிறோம்? ‘குளப்படி செய்தா டொக்டரிட்ட கொண்டுபோய் ஊசி போடுவன்.’ சொல்லிச் சொல்லி, ஊசி என்றால் தண்டனை என்று ஆகிவிட்டது. பிறகு உண்மையாகவே ஊசி போட்டால் பிள்ளை என்ன நினைக்கும்?

ஒரு நாள் முகம் இல்லாத வெள்ளைத் துணிப் பாவை ஒன்றை ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்தோம். முகம் இல்லாமல் தைப்பது வேண்டுமென்றே, அழுகிற முகமா சிரிக்கிற முகமா என்று பிள்ளையே கீறட்டும் என்று. அவள் வாயைக் கீறவில்லை. கண் மட்டும் இரண்டு. தாதி கொடுத்த, ஊசி கழற்றிய புதுக் கனுலாக் குழாயைப் பாவையின் கையில் வைத்து, தன்னுடைய கையில் இருப்பது போலவே பிளாஸ்டரை மூன்று சுற்றுச் சுற்றினாள். சுற்று எண்ணிக்கைகூடத் தவறவில்லை.

“பாவைக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டேன்.

“மழையில நிண்டது. அம்மா வர வேண்டாம் என்டு சொன்னவ. கேக்கேல்ல.”

“அதாலயா இஞ்ச வந்தது?”

“ஓம். இனி வீட்ட விடமாட்டாங்க.”

பக்கத்தில் இருந்த தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளை நான்கு நாளாக வாய் திறந்து சொல்லாத பயம் பாவையின் கதையாக வெளியே வந்துவிட்டது. நாங்கள் வகுப்பு எடுக்கவில்லை. பாவையைப் பார்த்து, “நெஞ்சுக்குள்ள சளிக் கிருமி போனதால வந்த வருத்தம் இது. மழையில நிண்ட பிள்ளையளுக்கும் வரும், நிக்காத பிள்ளையளுக்கும் வரும். சளி குறைஞ்சதும் துண்டு வெட்டுவினம், வீட்ட போகலாம்” என்று தாயை விட்டே சொல்லவைத்தோம். துண்டு வெட்டுவது என்றால் டிஸ்சார்ஜ், நம் வார்ட்டுகளில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். தாதியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனோம். அதுவும் எங்கள் வேலை. பாவை அவளோடே வீட்டுக்குப் போய்விட்டது. துணிப் பாவையை ஒரு கட்டிலில் இருந்து இன்னொரு கட்டிலுக்கு மாற்றக்கூடாது.

ஊசி நேரத்துக்கு வருவோம். எல்லோரும் அஞ்சுகிற நேரம் அது. வழக்கமாக என்ன நடக்கும்? பிள்ளையைப் படுக்கவைத்து நாலு பேர் பிடிக்க, ஐந்தாவது ஆள் ‘வலிக்காது, வலிக்காது’ என்பார். வலிக்கும். பிள்ளைக்கும் தெரியும். அடுத்த முறை அந்த ஆள் எதைச் சொன்னாலும் பிள்ளை நம்பாது. ‘எறும்பு கடிச்ச மாதிரி’ என்பதையும் நாங்கள் விட்டுவிட்டோம், எறும்புக்கும் பயப்படத் தொடங்கிய பிள்ளை ஒன்றைக் கண்ட பிறகு. ‘கொஞ்சம் கடுக்கும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். அழணும் போல இருந்தா அழலாம். கை மட்டும் ஆடக்கூடாது’ என்று சொல்வது போதும்.

படுக்கவைப்பதைவிடத் தாயின் மடியில், நெஞ்சோடு அணைத்து உட்காரவைத்துக் கையை மட்டும் நீட்டினால் பயம் குறையும். இது தாதியின் முடிவு, தொண்டர் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். பிறகு சவர்க்கார நுரைக் குமிழி. கம்பி வளையத்தில் மெதுவாக ஊதினால்தான் பெரிய குமிழி வரும். மெதுவாக ஊத நீண்ட மூச்சு விட வேண்டும், நீண்ட மூச்சு விட்டால் இறுகிய உடம்பு தளரும். குமிழியைப் பார்க்கிற மனம் ஊசியை முழுதாகப் பார்க்காது. வலி என்பது கையிலிருந்து நேரே மூளைக்குப் போகிற மணி அல்ல, வழியில் ஒரு படலை இருக்கிறது, அது திறக்கும் அளவு மாறும் என்று மெல்சாக், வோல் என்ற இருவர் 1965இல் சொன்னார்கள். 2018இல் வெளியான ஒரு கொக்ரேன் மீளாய்வு 59 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கவனத்தைத் திருப்புவது பிள்ளைகளின் ஊசி வலியையும் கலக்கத்தையும் குறைக்க உதவுகிறது என்றது. அம்மம்மாக்கள் காகத்தைக் காட்டிச் சோறு ஊட்டியதும் ஏறக்குறைய இந்த வித்தைதான்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊசி போடும்போது பிள்ளையைப் பிடிக்கும் வேலையைத் தொண்டர் செய்யவே கூடாது. ஆள் போதாவிட்டால்கூட. பிடித்த கை பிறகு விளையாடக் கூப்பிட்டால் பிள்ளை வராது.

திருகோணமலை வார்ட்டுக்கு என்றே சில சங்கதிகள் இருக்கின்றன. ஒரே வரிசையில் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை. மூதூரில் இருந்து வந்திருக்கும், வெருகலில் இருந்து வந்திருக்கும், குச்சவெளி, கந்தளாய் என்று எங்கிருந்தும் வந்திருக்கும். சிங்களம் சரளமாக வராவிட்டாலும் ‘ரிதெனவாத?’ என்று கேட்கத் தெரிந்தால் போதும், வலிக்கிறதா என்பதுதான் முதல் தேவை. மிச்சத்தை விளையாட்டுப் பார்த்துக்கொள்ளும். ‘உங்கட ஊர்ல என்ன இருக்கு, கீறிக் காட்டுங்க’ என்று ஒரு தாளும் கலர்ப் பென்சிலும் கொடுத்தால் ஊர் ஊராக வரும். குச்சவெளிப் பிள்ளை எஞ்சின் பூட்டிய படகு கீறும். தம்பலகாமத்துப் பிள்ளை வயலும் எருமையும் கீறும். கந்தளாய்ப் பிள்ளை குளம் கீறி, கட்டாயம் யானையும் போடும். கிண்ணியாப் பிள்ளைகளுக்குப் பாலம். டவுன் பிள்ளை கோட்டைக்குள் திரியும் மானைக் கீறும்போது கொம்பில்தான் முழு நேரமும் போகும். அந்தத் தாள்களைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டால், அடுத்த கட்டில்காரன் கேட்பான், அவன் கேட்டதும் இரண்டு பேருக்கும் இடையில் நாங்கள் தேவையில்லை. அதுதான் நல்ல நாள்.

வளர்ந்த பிள்ளைகளை மறந்துவிடக்கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்காரரைச் சிறுவர் வார்ட்டில் கரடிப் படம் போட்ட சுவருக்குக் கீழே படுக்கவைத்திருப்பார்கள். அவர்களுக்கு வெட்கம்தான் பெரிய வலி. ஒரு செஸ் போர்டும், கதைக்காமல் பக்கத்தில் இருக்கத் தெரிந்த ஓர் ஆளும் போதும்.

செய்யக்கூடாதவை நிறைய. சாப்பாடு கொடுக்கவே கூடாது. சத்திரசிகிச்சைக்கு வெறும் வயிறாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு ரொபி கொடுத்தால் அன்றைய சத்திரசிகிச்சையே தள்ளிப்போகும். டெங்குப் பிள்ளைக்குச் சிவப்பு, மண்ணிறப் பானம் கொடுப்பதில்லை, வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போய்விடும். 2017 டெங்கில் கிண்ணியா பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் பலூன் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் அடைக்கும். தடிமன் இருமல் இருந்தால் அன்று வீட்டிலேயே நில்லுங்கள், வார்ட்டுக்கு அதைவிடப் பெரிய தொண்டு இல்லை. ஒரு கட்டிலில் இருந்து மற்றக் கட்டிலுக்குப் போகும்போது கை கழுவ வேண்டும், சாமான்களையும் கழுவ வேண்டும். பிளாஸ்ரிக் லொறி கழுவலாம், பஞ்சுக் கரடி கழுவ முடியாது. திரைச்சீலைக்குப் பின்னால் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. பிள்ளை மனதை உறுத்தும் ஏதாவது சொன்னால் ‘ஒருவருக்கும் சொல்லமாட்டன்’ என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. பொறுப்புத் தாதியிடம் சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

படம் எடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்து, கனுலாவோடு இருக்கும் பிள்ளையின் கையில் பார்சலைக் கொடுத்து, படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். அதன் முகத்தை ஊர் பார்க்கலாமா என்று அதனிடம் யார் கேட்டது?

இன்னொன்று, தாய்மார். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். மூன்று நாளாகக் குளித்திருக்கமாட்டார்கள். “நான் இருக்கிறன் அக்கா, நீங்கள் போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாங்கோ” என்று சொல்வது சில நாளில் எல்லா விளையாட்டையும் விடப் பெரிய உதவி. போகுமுன் தாய் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒளித்துப் போகக்கூடாது. எப்போது வருவேன் என்றும் சொல்ல வேண்டும், ‘மிஸ்ஸி மருந்து தர முன்னம் வந்திடுவன்’ என்பது போல. நேரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு மணி சொல்லிப் பயனில்லை.

சேர விரும்புகிறவர்கள் முதலில் ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் அனுமதியோடு இயங்கும் குழுவில் சேர வேண்டும். தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கக்கூடாது. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், ஆனால் தவறாமல், அதே நாளில். எங்கள் குழுவில் முதல் மாதம் முழுக்கச் சாமான் கழுவும் வேலைதான் கொடுக்கிறோம், அதைப் பொறுமையாகச் செய்கிறவர்கள் பிறகும் நிற்பார்கள். முதல் நாளிலேயே என்னைக் கட்டிலடிக்கு விட்டது பிழை என்று மூத்த ஆசிரியை இப்போதும் சொல்வார்.

அந்தக் கிண்ணியாப் பிள்ளை? அடுத்த நாள் போய், இரண்டடி தூரத்தில் நின்று, “இண்டைக்கு விளையாடுவமா?” என்றேன். “வேணாம்.” “சரி மகன்” என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவன் பார்ப்பது தெரிந்தது. மூன்றாம் நாள் நான் வாய் திறக்குமுன், “அந்த லொறியத் தாங்க” என்றான். போர்வையை மடித்து மேடாக்கி, பாலம் கட்டி, ஒற்றைக் கையால் லொறியை ஏற்றி இறக்கினான். நான் ஒருமுறை தள்ளப் போனேன். “நீங்க தள்ள வேணாம்” என்றான். பேசாமல் இருந்தேன்.

லொறி பாலத்தின் பாதியில் நிற்கும்போது, விரலில் குத்தி இரத்தம் எடுக்கத் தாதி வந்தார். வழக்கம் போல நடுவிரலைப் பிடித்தார். அவன் கையை இழுக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “மிஸ்ஸி, அது வேணாம். இதுல குத்துங்க” என்று மோதிர விரலை நீட்டினான்.

தாதி அவனையும் விரலையும் பார்த்தார். “சரி, இதுல குத்துவம்” என்றார்.